புறவாசலில் இன்னொரு ஷிம்பி

எங்கள் வீட்டுப் புறவாசலைப் பார்க்கிற யாரும், இதற்குப் போயா இத்தனை கூத்து என்றுதான் கேட்பார்கள். இரண்டு சேலையை விரித்தால் நிறைந்துபோகிற இடம். ஒரு கொய்யா மரம். யாரும் புழங்காத ஒரு பழைய குழாய். எத்தனை வாஷர் மாற்றினாலும் சொட்டுவதை நிறுத்தாது. குழாய்க்கு ஒரு சாண் முன்னால், சாக்கடைக் கல்லின் இடுக்கிலிருந்து தானாக முளைத்த அத்திக்கன்று. அதை வெட்டலாமா என்று ஒருதடவை கேட்டதற்கு, மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா காதைப் பொத்திக்கொண்டார். அத்தியை மராட்டியில் உம்பர் என்பார்கள்; தெய்வம் குடியிருக்கிற மரம், கத்தி படக்கூடாது என்றார். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு லேத் பட்டறை. அதற்கும் அப்பால் ரயில். கசார்வாடியில் இவ்வளவு புறவாசல் கிடைப்பதே பெரிது.

வீட்டின் முன்னறைதான் என் கடை. பெண்களுக்கு ரவிக்கையும் சுடிதாரும் தைக்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு மிஷினில் உட்கார்ந்தவன்; சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இங்கே வந்த பிறகும் அதே மிஷின்தான், ஆள்தான் பெருத்துவிட்டேன். வாடிக்கைக்காரர்கள் என்னை மாஸ்டர் என்பார்கள். வீட்டுக்காரம்மா மட்டும் ஷிம்பி என்பார். மராட்டியில் தையல்காரனுக்கு அதுதான் பெயர். அவரை நாங்கள் காகூ என்போம்.

என் மராட்டி கழுத்தில் தொடங்கி இடுப்பில் முடிந்துவிடும். கழுத்து இறக்கம், கை நீளம், இறுக்கம், தளர்ச்சி, வியாழக்கிழமை வாருங்கள். இதற்கு வெளியே யாராவது பேசினால் பாதியைக் கேட்டுவிட்டு மீதியை நானே தைத்துக்கொள்வேன். அந்த மீதியில்தான் எல்லா வினையும்.

லென்ஸ் கிடைத்தது ஜூனா பஜாரில். மிஷினுக்குப் பாபின் கேஸ் தேடிக்கொண்டு அந்தப் பழைய சாமான் சந்தைக்குப் போயிருந்தேன். துருப்பிடித்த பூட்டுகளுக்கும் டெலிபோன்களுக்கும் நடுவில் ஒரு தோல் உறை. உள்ளே கறுப்பாக, கனமாக ஒரு குழல். கடைக்காரர் அதை துர்பீன் என்றார், தொலைநோக்கியாம். முகத்துக்குச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். சந்தை மொத்தமும் தலைகீழாகத் தொங்கியது. ஆட்கள் வானத்தில் நடந்தார்கள். ஒரு ஆள் தலைகீழாக டீ குடித்தான், ஒரு சொட்டு சிந்தவில்லை. வாங்கிவிட்டேன். பாபின் கேஸ் மறந்துபோயிற்று.

"இதென்ன, குக்கர் வெயிட்டா?" என்றாள் என் மனைவி.

"துர்பீன்."

"அதை வச்சு எதைப் பாக்கப் போறிய? பாபின் கேஸையா?"

மகள் மகர்பட்டாவில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறாள், அங்கேயே தோழிகளோடு தங்கியிருக்கிறாள். இங்கே பிறந்து வளர்ந்தவள். அவள் தமிழ் ஒவ்வொரு வாக்கியத்திலும் எங்கேயாவது ரயில் மாறும். வீடியோவில் குழலைக் காட்டியதும் சிரித்தாள்.

"அப்பா, அது லென்ஸ் பா. புராணா வாலா, பழசு. ரஷ்யா. கேமரா இல்லாம அது கண்ணு இருக்கு, தலை இல்ல."

அந்த வாரக் கடைசியில் தன் பழைய கேமராவையும், லென்ஸையும் கேமராவையும் பொருத்துகிற ஒரு வளையத்தையும் கொண்டுவந்து கொடுத்தாள். மாட்டி, பொத்தானை அழுத்தினேன். திரையில் ஆங்கிலத்தில் ஏதோ வந்தது. மகள் படித்துச் சொன்னாள்: லென்ஸ் மாட்டவில்லை என்கிறது கேமரா. எனக்கு வியர்த்துவிட்டது. கையில் அரைக்கிலோ லென்ஸ் தொங்குகிறது, கேமரா இல்லை என்கிறது; நான் தொட்டதுமே கெட்டுவிட்டதா? இல்லையாம். பழைய லென்ஸுக்குள் மின்சாரம் கிடையாது, அதனால் புதுக் கேமராவுக்கு அப்படி ஒன்று வந்ததே தெரியாதாம். மெனுவுக்குள் போய், பரவாயில்லை, நீ எடு என்று அதற்குச் சொல்லிவைத்தாள்.

"இனிமே நீங்கதான் சுத்தணும் பா. கேமரா ஃபோகஸ் பண்ணாது. டென்ஷன் நகோ."

டென்ஷன் வேண்டாமாம். லென்ஸுக்குள் ஒரு ஓரமாகச் சிலந்தி நூல் மாதிரி வெள்ளையாக இருந்தது. அது பூஞ்சை என்றும், நல்ல வெயில் பட்டால் பரவாது என்றும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனாள். அன்று முழுக்க எனக்கு வேறு நினைப்பில்லை. பூஞ்சை லென்ஸிலிருந்து கேமராவுக்குப் போகும், கேமராவிலிருந்து என் கண்ணுக்கு வரும், கண்ணிலிருந்து கல்யாணப் பட்டு ரவிக்கைக்கு இறங்கும். மறுநாள் காலை மாடிப்படியில் என் மனைவி காயவைத்த மோர்மிளகாய்த் தட்டின் ஓரத்திலேயே லென்ஸையும் வைத்தேன்.

"வத்தலும் லென்சும் ஒண்ணாக் காயுது," என்றாள் அவள். "எதை வறுக்கணும்னு சொல்லிட்டுப் போங்க."

ஆனால் அந்த வளையத்தை முதல்முறை திருப்பிய சுகத்தை யாரிடம் சொல்வது? கெட்டியான கிரீஸில் மெல்ல நகரும், புது மிஷினின் சக்கரம் மாதிரி. திருப்பத் திருப்பப் புறவாசல் முழுக்கப் பச்சைக் கஞ்சியாகக் கிடக்கும். திடீரென்று அந்தக் கஞ்சிக்குள்ளிருந்து ஒரு ஓணான் போர்வையை விலக்கி எழுந்திருப்பதுபோல் வரும். ஒவ்வொரு செதிலும் தனித்தனி. இன்னும் ஒரு நூல் திருப்பினால் மறுபடி கஞ்சி. தெளிவாக இருப்பது ஒரு சட்டைப் பொத்தான் அகலம்தான். ஊசியில் நூல் கோக்கிற மாதிரி மூச்சை நிறுத்த வேண்டும். அது எனக்குத் தெரிந்த வேலை. நான் சிரித்துக்கொண்டே மூச்சை நிறுத்தினேன். இரண்டும் சேர்ந்து வராது என்பதால் ஓணான் ஆடிப்போய்விட்டது.

அதற்குப் பிறகு நான் மனிதனாக இல்லை. அணில் கொய்யாப்பிஞ்சைக் கடித்துத் துப்பியது, எடுத்தேன். தேன்சிட்டு, எடுத்தேன், வாலின் நுனி மட்டும் கிடைத்தது. ரயில் பக்கத்திலிருந்து மதிலேறி வந்த கீரி என்னை முறைத்துப் பார்த்தது. அரைச் சுற்று அதிகம் திருப்பிவிட்டேன், படத்தில் கீரி பழுப்பு நிறத்தில் ஒரு சந்தேகமாக இருந்தது. முன்னறையில் கழுத்து அளவுக்கு வந்த பெண்கள் காத்திருந்தார்கள். "மாஸ்டர் எங்கே?" என்று கேட்டவர்களுக்கு என் மனைவி, "அணிலுக்கு அளவு எடுக்காரு" என்று இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு காலையில் காகூ மாடி வராந்தாவிலிருந்து எட்டிப்பார்த்தார். நான் வாசலில் பால் பாக்கெட்டோடு நின்றேன்.

"ஷிம்பீ," என்றார். "மாகே அஜூன் ஏக் ஷிம்பீ ஆலாய்."

பின்னால் இன்னொரு ஷிம்பி வந்திருக்கிறான்.

"ஜோடீ ஆஹே. ஆதா பில்ல ஹோத்தீல். தீ ஜாகா த்யான்னா ராஹூ த்யா."

சொல்லிவிட்டுச் சிரித்தபடி உள்ளே போனார். நான் தலையாட்டிவிட்டேன். கழுத்து இறக்கத்துக்கு ஆட்டுகிற அதே ஆட்டல். அப்புறம் பால் பாக்கெட்டைப் பிடித்தபடி ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பார்த்தேன். ஜோடியாக இருக்கிறார்கள். இனிமேல் பிள்ளை பிறக்கும். அந்த இடத்தை அவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

மனைவியிடம் சொன்னேன். "புறவாசலை வேற டெய்லருக்குக் குடுத்திட்டாங்க."

அவள் தோசையைத் திருப்பவில்லை. "யாரு சொன்னா?"

"காகூதான். புருசன் பொண்டாட்டியா வந்திருக்காங்களாம். பிள்ளை வேற பொறக்கப் போவுதாம்."

"பிள்ளை பெறுத வரைக்கும் பேசி முடிச்சாச்சா?"

"பிள்ளன்னு என் காதால கேட்டேன்."

"புறவாசலுக்கு நம்ம அடுப்படி வழியாத்தான வழி? அவன் எப்படி வருவான், செவரு ஏறியா?"

"ஷெட்டு போட்டு, மதிலை இடிச்சு வழி வைப்பாங்களா இருக்கும்."

"கேளுங்க, போய்."

கேட்பதா? கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? கேட்காதவரை அது பாதிதான் உண்மை. அந்தப் பாதியில் எனக்கு இடமிருந்தது. கேமரா, லென்ஸ், அணில், கீரி எல்லாம் அந்தப் பாதியில்தான் இருந்தன. இன்னொரு தையல்காரன் வந்து கடையைக் கெடுப்பான் என்ற பயம்கூட எனக்கு இரண்டாவதாகத்தான் வந்தது. என் குழாயும் கொய்யாவும் ஷெட்டுக்கு அடியில் போய்விடுமே என்பதுதான் முதலில் வந்தது. என்னை நினைத்து எனக்கே ஆச்சரியம். சோறு போடுகிற மிஷினைவிட ஓணான் முந்திவிட்டது.

அன்றைக்கே கேட் பக்கம் ஒரு ஆள் டேப் பிடித்து மதிலை அளந்துகொண்டிருந்தான். தண்ணீர்க் குழாய் போட வந்தவன் என்று பிறகுதான் தெரிந்தது. அப்போது எனக்கு அவன்தான் ஷிம்பி. டேப்பைப் பிடிக்கிற விதமே சரியில்லை, இவன் தைத்தால் தோள் தொங்கும் என்று மனைவியிடம் சொன்னேன்.

"அப்ப பயம் எதுக்கு?" என்றாள்.

அந்த வாரம் நான் புறவாசலைக் கடைசி முறையாகப் படம் எடுத்தேன். தினமும் கடைசி முறை. காகூ இடத்தை விட்டுவிடச் சொன்னதால் வெளியே கால் வைக்கவும் கூச்சம். அடுப்படி ஜன்னல் கம்பிக்கு இடையில் லென்ஸை நீட்டி, அடியில் வெட்டுத்துணி மூட்டை ஒன்றை வைத்து, ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். சொட்டுகிற குழாய்க்கு வெயில் ஏறியதும் சின்னான் வரும், கொண்டை வைத்த குருவி. குழாய் மேல் உட்கார்ந்து, குனிந்து, வாலடிச் சிவப்பைக் காட்டிக்கொண்டு ஒரு சொட்டு குடிக்கும். அந்த ஒரு படம் கிடைத்துவிட்டால் போதும், பிறகு ஷெட்டு வரட்டும், ஷிம்பி வரட்டும் என்று எனக்கு நானே ஒப்பந்தம் போட்டேன்.

ஆனால் அது வந்து குடித்துப் போவதற்குள் நான் கண்ணாடியை மூக்கில் ஏற்றி, வளையத்தைத் திருப்பி, தாண்டி, திரும்பி வந்தால் வெறும் குழாய்தான் இருக்கும். மகளிடம் புலம்பினேன்.

"லென்ஸ் மேலயே தூரம் நம்பர் இருக்கு பா. முதல்ல அளந்து வச்சிடுங்க. அப்புறம் வெயிட் பண்ணுங்க, பஸ், அவ்வளவுதான்."

அளப்பதா? இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. கழுத்தில் கிடந்த நூற்றிருபது அங்குல டேப்பை எடுத்தேன். லென்ஸில் இருந்தது மீட்டர் கணக்கு. என் டேப்பின் மறுபக்கம் சென்டிமீட்டர், பிறந்ததிலிருந்து நான் திருப்பிப் பார்க்காத பக்கம். மனைவியைக் குழாய்ப் பக்கம் அனுப்பி ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னேன். இந்த முனையை லென்ஸின் வாயில் வைத்தேன்.

"குழாய்க்கு என்ன ரவிக்கையா?" என்றாள் அங்கிருந்து. பிறகு, "இங்க எதுவோ கீச்சு கீச்சுன்னு கத்துது, காதைப் பொளக்குது."

"லேத்துக்கு எண்ணெய் போட்டிருக்க மாட்டான். நீ ஆடாம பிடி."

அளவு சரியாக இரண்டு மீட்டர். வளையத்தை இரண்டில் நிறுத்தினேன். சின்னான் வந்தது. எடுத்தேன். மறுபடி வந்தது, எடுத்தேன். அது குளித்தது, சிலிர்த்தது, என்னைப் பார்த்தது, எல்லாம் எடுத்தேன். உடம்பு முழுக்கப் புல்லரித்தது. ஸ்டூலிலிருந்து இறங்கித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன்.

ஒரு படத்திலும் சின்னான் தெளிவில்லை. எல்லாவற்றிலும் அதற்கு முன்னால் இருந்த பாழாய்ப்போன அத்தி இலை நரம்பு நரம்பாகத் தெரிந்தது. முப்பத்தைந்து வருஷமாக அளவு எடுக்கிறவன் நான். ஒரு ரவிக்கை இப்படித் தப்பியதில்லை. இந்த இலையைத் தொடவும் கூடாது, தெய்வம். நான் முன்னறைக்கு வந்து கேமராவை மேஜையில் வைத்தால், எதிரே காகூ நிற்கிறார். கையில் மாம்பழ மஞ்சள் ரவிக்கை. நான் தைத்துக் கொடுத்ததுதான்; கை கொஞ்சம் பிடிக்கிறதாம், பிரித்துத் தளர்த்த வேண்டும்.

கேட்டுவிடு என்று மனைவி திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினாள். நான் கையை அளந்தேன். மறுபடியும் அதே கையை அளந்தேன். காகூ மேஜையில் இருந்த கேமராவைப் பார்த்துவிட்டு, இதில்தான் எடுக்கிறீர்களா, காட்டுங்கள் என்றார்.

காட்டினேன். வேறென்ன செய்ய? காகூ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குள் மூக்கை நுழைத்தார். கெட்டுப்போன சின்னான் ஒவ்வொன்றாகப் போயிற்று. நான் மன்னிப்புக் கேட்பதுபோல், பறவை சரியாக வரவில்லை, இலைதான் வந்தது என்று சைகையில் விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு படத்தில் அவர் விரல் நின்றது.

"ஹா பகா," என்றார். "ஹாச் தோ."

இதோ பாருங்கள். இவன்தான் அவன்.

"கோண்?" என்றேன். யார்?

"ஷிம்பீ."

அவர் விரலுக்குக் கீழே அத்தி இலை. இலையின் விளிம்பில், கட்டைவிரல் அளவில், பச்சை முதுகும் செம்பழுப்பு நெற்றியுமாக, வாலை நட்டமாகத் தூக்கியபடி ஒரு குருவி. அத்தனை படமும் எடுத்தவன் நான், என் கண்ணில் படவில்லை. நான் பின்னால் கலங்கிக் கிடந்த சின்னானையே பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தைப் பெரிதாக்கினேன். இரண்டு இலைகளின் ஓரங்கள் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தன. சும்மா ஒட்டியதில்லை. துளை போட்டு, நூல் நுழைத்து, இழுத்து, வெளிப்பக்கம் பிசிறு விட்டு. உள்ளே பஞ்சு பிதுங்கியது. வாய் மூட எனக்கு நேரமாயிற்று.

காகூ அதற்குள் நூலைப் பார்த்துவிட்டார். மாம்பழ மஞ்சள். "ஹா தர் மாஜ்யா ப்ளௌஸ்சா தோரா," என்றார், இது என் ரவிக்கை நூல் அல்லவா என்று. நான் பெருக்கிப் புறவாசலில் கொட்டிய வெட்டுத்துணியிலிருந்து அவன் பொறுக்கியிருக்கிறான். என் நூல், காகூவின் ரவிக்கை, தெய்வத்தின் இலை.

"அப்ப பிள்ள?" என்றேன், தமிழிலேயே.

அவருக்குப் புரிந்துவிட்டது. "பில்ல," என்று சொல்லி, ஐந்து விரலையும் கூட்டி அலகு திறப்பதுபோல் திறந்து திறந்து மூடிக் காட்டினார். குஞ்சு. மராட்டியில் குஞ்சுக்குப் பில்ல. குஞ்சு பொரிக்கிறவரை அந்தப் பக்கம் போய்க் கலைக்காதீர்கள், அந்த இடம் அவர்களுக்கு இருக்கட்டும். அவ்வளவுதான் அந்த அம்மாள் சொன்னது. அவ்வளவையும் நான் ஒரு வாரம் ஷெட்டாகக் கட்டி, மதிலை இடித்து, வழி வைத்து, ஒரு குடும்பத்தைக் குடியேற்றி வைத்திருந்தேன்.

"ஆணி மீ?" என்றேன். அப்போ நான்?

காகூ என்னை ஏற இறங்கப் பார்த்தார். "துமீ மோட்டே ஷிம்பீ," என்றார். நீங்கள் பெரிய ஷிம்பி. குருவியைக் காட்டி, "தோ லஹான்." அவன் சின்னவன்.

திரைச்சீலைக்குப் பின்னால் என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது திரைச்சீலை குலுங்குவதில் தெரிந்தது. நானும் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. டேப் கழுத்தில் ஆட, கண்ணாடி நழுவ, காகூவின் ரவிக்கையால் கண்ணைத் துடைத்தேன். காகூ அதைப் பிடுங்கிக்கொண்டார்.

மகளுக்குப் படத்தை அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். இலை எப்படி இவ்வளவு ஷார்ப் என்று கேட்டாள். அளவு தப்பிய கதையைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, கேமரா தலையில் ஒரு சின்ன வட்டமும் குறுக்கே ஒரு கோடும் இருக்கும், பாருங்கள் என்றாள். இருந்தது. தூரத்தை அங்கேயிருந்து அளக்க வேண்டுமாம், லென்ஸின் வாயிலிருந்து இல்லையாம். லென்ஸும் வளையமும் சேர்ந்து ஒரு சாண் நீளம். நான் அந்த ஒரு சாணை விட்டுவிட்டேன். அதனால் தெளிவும் குழாய்க்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது. அந்த ஒரு சாணில்தான் அவன் வீடு கட்டியிருந்தான்.

"தமிழ்ல அது பேரு தையல்சிட்டு பா," என்றாள் மகள், எதிலோ தேடிப் பார்த்து, எழுத்துக் கூட்டி. "தை-யல்-சிட்டு. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. தமிழிலும் அவன் தையல்காரன்தானாம்.

இப்போது அடுப்படி ஜன்னலில் ஸ்டூல் நிரந்தரமாகிவிட்டது. மனைவி துணி காயப்போடும் கொடியைக் கொய்யாவிலிருந்து அவிழ்த்து மாடிக்கு மாற்றிவிட்டாள். புறவாசல் பக்கம் நாங்கள் யாரும் போவதில்லை. ஒரு வாரம் எதற்குப் பயந்தேனோ அது அப்படியே நடந்துவிட்டது, இடத்தை அவர்களுக்கே விட்டுவிட்டோம். எனக்கு வேறு கவலைகள் வந்திருக்கின்றன. காக்கை வருமா, கீரி ஏறுமா, மழை முந்திக்கொள்ளுமா, மஞ்சள் நூல் சாயம் போகுமா. சரியாக அளக்க இப்போது தெரியும். ஆனாலும் வளையத்தை அதே தப்பான இரண்டில்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். சின்னான் பின்னால் கஞ்சியாகக் குளித்துவிட்டுப் போகட்டும்.

இன்று காலை வளையத்தில் கையை வைத்து மூச்சை நிறுத்தியிருந்தேன். இலைக்குள்ளிருந்து ஊசிமுனை அளவில் ஏதோ மஞ்சளாகத் திறந்து மூடியது. அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்து, "ஷிம்பீ," என்று குரல்.

"ஓ, காகூ," என்று கத்திவிட்டேன். இலை ஆடியது, சின்ன ஷிம்பி லேத் சத்தத்தில் திட்டிக்கொண்டு மதிலுக்குப் பறந்தான், படத்தில் வெறும் அத்தி.

"துமீ நாஹீ," என்றார் காகூ மேலேயிருந்து. உங்களை இல்லை.